கோர்ட்டுக்குப் போய் வந்த புடவை

சேவூர், ஆரணி
18.8.2024

அன்பு மகள் இளமதிக்கு,

அப்பா எழுதிக்கிறது. நானும் நாலு தறியும் இங்க சௌக்கியம். நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டுகினு இருக்கியா, விளாத்திகுளம் தண்ணி ஒத்துக்கிச்சான்னு எழுது. போன வாரம் நீ போன்ல பேசினது ஒண்ணும் வெளங்கல. சடையன்தான் போனை வாங்கிக் கேட்டுட்டு, நீ நல்லா இருக்கறேன்னு கை காட்டினான். நாப்பது வருஷமா தறி பக்கத்துல நின்ன காது, இனிமே அது வேலைக்கு ஆகாது. வாட்சப்புல நீ அனுப்பற எழுத்து எறும்பு சைசுல இருக்குது. நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ மாதிரி லெட்டரே போடு.

விஷயம் இன்னான்னா, எம்மேல கேஸ் போட்டுட்டாங்க. வேற யாரும் இல்ல, சுவத்துக்கு அந்தாண்ட இருக்கற அடைக்கலசாமி வாத்தியாரு. உனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவரேதான். ராத்திரி தறிச் சத்தத்துல அவரு சம்சாரம் சாராம்மாவுக்குத் தூக்கம் இல்லியாம். நெஞ்சு ஆபரேஷன் ஆன உடம்பாம். ராத்திரி தறி ஓட்டக் கூடாதுன்னு கோர்ட்ல தடை கேக்கறாரு. பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல, சுவத்துக்கு அந்தாண்ட எப்படிக் கேக்கும்? இத வக்கீல் லோகநாதன் கிட்ட சொன்னேன், அவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

சடையன் பகல்ல வயலுக்குப் போறவன். சாயந்தரம்தான் தறிக்கு வருவான். ராத்திரி ஓட்டலன்னா ரெண்டு தறியை மூடிட வேண்டியதுதான். எனக்கு ஒரே பேஜாரா இருக்குது.

ஆரணி முன்சீப் ஒரு சின்னப் பொண்ணு, உன் வயசு இருக்கும். நீயும் முன்சீப், அந்த அம்மாவும் முன்சீப். ஒரு ஸ்கூல் டீச்சர் இன்னொரு ஸ்கூல் டீச்சர் கிட்ட பேசறதில்லியா? ஜெயிக்க வைன்னு கேக்கச் சொல்லல. அவரு எங்கப்பா, நல்ல மனுஷன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லு. ஜல்தியா சொல்லு, வாய்தா கிட்ட வந்துகினு இருக்குது.

தறியில புதுப் பாவு நூல் ஏத்தப் போறேன். அதுல நெய்யற முதல் புடவை வீட்டுப் பொண்ணுக்குன்னு நம்ம வழக்கம், அத வெளியில விக்கறதில்ல. அம்மா இருந்த வரைக்கும் அவளுக்கு. அப்புறம் உனக்கு. நீ அங்க வேலைக்குப் போனதுல இருந்து மூணு புடவை பீரோவுல தூங்குது. ஆயுத பூஜைக்காவது வந்து கட்டு.

இப்படிக்கு உன் நல்லதே நினைக்கிற
அப்பா தனசேகரன்


விளாத்திகுளம்
27.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடறேன். நீங்க சர்க்கரை மாத்திரையை விடாம போடறீங்களா? காதுக்கு மிஷின் வாங்கிக் குடுத்தேனே, அதை வச்சிக்கறீங்களா, இல்ல அதுவும் பீரோவுல தூங்குதா?

கேஸ் விஷயத்துக்கு வரேன். கோவிச்சுக்காம முழுசா படிங்க.

முன்சீப்னா ஊர் ஊரா பேசித் தீக்கற நாட்டாமை இல்லப்பா. விளாத்திகுளம் தாலுகா எல்லைக்குள்ள நடக்கறதுக்குத்தான் நான். அந்த எல்லையைத் தாண்டிட்டா நான் வெறும் தனசேகரன் பொண்ணு. உங்க தறி சேவூர்ல ஓடுது, அதனால வழக்கு ஆரணியில. தடை கேக்கற சின்ன வழக்கு, அதனால முன்சீப் கோர்ட்ல. பெரிய மதிப்புள்ள வழக்குன்னா சப் கோர்ட், அதுக்கும் மேலன்னா திருவண்ணாமலையில மாவட்டக் கோர்ட். இங்க தோத்தா சப் கோர்ட்ல அப்பீல் பண்ணலாம். அங்கயும் தோத்து, சட்டத்துல கேள்வி இருந்தா சென்னை ஹைகோர்ட். மேல இருக்கற கோர்ட் கீழ இருக்கற கோர்ட்டோட தீர்ப்பைத் திருத்தலாம். பக்கத்துல இருக்கற கோர்ட் எட்டிக் கூட பாக்கக் கூடாது. பக்கத்துத் தறியில இழை அறுந்தா நாம போய் முடிச்சு போடுவோமா? அந்தத் தறிக்காரங்கதான் போடணும். ஆரணி முன்சீப் கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினா கூட அது குத்தம். பேச மாட்டேன். இனிமே கேஸ் பத்தி எனக்கு எழுதாதீங்க, லோகநாதன் சார் கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, இதை முன்சீப்பா சொல்லல. பத்தாவது பரீட்சைக்கு காதுல பஞ்சு வச்சிக்கினுதான் படிச்சேன். அம்மாவுக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்ல வேணாம்னுட்டாங்க. ராத்திரி எட்டுக்கு மேல நிறுத்திப் பாருங்களேன்.

சாராம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க. வழக்கு முடியட்டும்.

அன்புடன்
இளமதி


சேவூர்
20.10.2024

அன்பு மகள் இளமதிக்கு,

இங்க எல்லாரும் சுகம், எல்லாரும்னா நான்தான். ஆயுத பூஜைக்கு நீ வரல. தறிக்குப் பொட்டு வச்சு, பொரி கடலை வச்சு நானும் சடையனும் கும்பிட்டோம்.

உன் லெட்டரை நாலு வாட்டி படிச்சேன். எல்லை கில்லைன்னு எழுதியிருக்க. சரி, பெரிய வேலையில இருக்கறவ, நீ சொன்னா கேக்கணும். பஞ்சு விஷயம் மட்டும் மறக்க மாட்டேங்குது. அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேஸ் பத்தி எழுதாதேன்னு சொல்லிட்ட. அதனால கேஸ் பத்தி எழுதல, கோர்ட் பத்தி எழுதறேன். வாய்தாவுக்குப் போயிருந்தேன். பின்னாடி பெஞ்சுல உக்காந்து அந்த முன்சீப் அம்மாவையே பாத்துகினு இருந்தேன். ஒல்லியா, உன் நிறத்துல இருக்குது. மதுரைப் பக்கத்துப் பொண்ணாம், இங்க தனியா வீடு எடுத்து இருக்குதாம். மத்தியானம் வரைக்கும் தலையைத் தூக்கல. ஒரு தரம் இருமினுச்சு, தண்ணி பாட்டில் காலியா இருந்துச்சு. எழுந்து போய் எடுத்துக் குடுக்கலாம்னு கால் துடிச்சுது. லோகநாதன் கையைப் புடிச்சு உக்கார வச்சாரு. நீயும் அங்க இப்படித்தான் உக்காந்து இருமுவியான்னு நினைச்சேன்.

புதுப் பாவு ஏத்தியாச்சு. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. அடுத்த மாசம் முதல் புடவையை நெஞ்சு முடிச்சு தறியில இருந்து அறுத்துருவேன். பீரோவுல இடம் இல்ல. யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிச்சிகினு இருக்கறேன்.

காது மிஷின் கொய்யுன்னு கத்துது, அத விட தறியே தேவல.

அப்பா


விளாத்திகுளம்
12.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். தீபாவளிக்கு இங்கயே இருந்துட்டேன், தொடர்ந்து ரிமாண்ட் டூட்டி. நீங்க எண்ணெய்ப் பலகாரம் அளவா சாப்பிட்டிருப்பீங்கன்னு நம்பறேன்.

அவசரமா ஒண்ணு மட்டும். எங்கயும் யார்கிட்டயும் எம் பொண்ணு முன்சீப்புன்னு சொல்லாதீங்க. டீக்கடையில சொல்றதைச் சொல்லிட்டுப் போங்க, கோர்ட் வாசல்ல சொல்லாதீங்க. நான் இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்கேன். அது முடிஞ்சு ஹைகோர்ட் ஆர்டர் போட்டாத்தான் இந்த வேலை எனக்கு நிலைக்கும். அதுக்குள்ள எம்பேர்ல ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடலாம். அத்தனை வருஷம் படிச்சது உங்களுக்குத் தெரியும்.

புடவையை யாருக்காவது குடுக்கறதுன்னா வனிதா அத்தைக்குக் குடுங்க.

இளமதி


சேவூர்
22.12.2024

அன்பு மகளுக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்கணும். உன் லெட்டர் வந்து சேந்துது, கொஞ்சம் லேட்டா வந்துது.

இங்க குளிர் அதிகம். சடையன் பொண்டாட்டிக்கு ஆண் கொழந்தை. வனிதா அத்தை படவேடு ரேணுகாம்பா கோயிலுக்குப் போய் வந்து உனக்குன்னு குங்குமம் குடுத்துது, இதுல மடிச்சு வச்சிருக்கறேன்.

எழுதக் கூடாதுன்னு சொன்னாலும் இத மட்டும் எழுதறேன். கேஸை ஆரணியில இருந்து செய்யாறு கோர்ட்டுக்கு மாத்திட்டாங்களாம். திருவண்ணாமலை மாவட்டக் கோர்ட்ல ஆர்டர் போட்டாங்களாம். ஏன்னு எனக்குத் தெரியல. அன்னிக்குக் கோர்ட்ல இன்னமோ பேசினாங்க, எனக்குக் காதுல விழல. இனிமே பஸ் புடிச்சு செய்யாறு போகணும், அவ்ளோதான். வாத்தியாரும் அதே பஸ்லதான் வராரு. நான் முன்னாடி சீட்டு, அவரு பின்னாடி சீட்டு.

வேற விசேஷம் இல்ல. உடம்பைப் பாத்துக்க. பொங்கலுக்கு வா.

அப்பா


விளாத்திகுளம்
6.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

குங்குமம் கிடைச்சுது. நான் நல்லா இருக்கேன். பொங்கலுக்கு வர முடியாது. வேலை அதிகம்.

கொஞ்ச நாளைக்கு லெட்டர் வேணாம்பா. நானே எழுதறேன். மாத்திரை போடுங்க.

இளமதி


சேவூர்
9.2.2025

எம் பொண்ணு இளமதிக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கவே வெக்கமா இருக்குது. நீ எழுதாதேன்னு சொன்ன, ஆனாலும் எழுதறேன். பொங்கல் அன்னிக்கு ஒண்ணு எழுதி, போடாம கிழிச்சுட்டேன்.

லோகநாதன் நேத்து வீட்டுக்கு வந்தாரு. உனக்கு ஹைகோர்ட்ல இருந்து மெமோ வந்துருக்குதுன்னு, விளக்கம் கேட்டுருக்காங்கன்னு சொன்னாரு. எனக்குக் கேக்கலன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினாரு. நீ எனக்குச் சொல்லவே இல்ல. நானும் உனக்குச் சொல்லல. இப்போ எல்லாத்தையும் சொல்லிடறேன்.

நவம்பர்ல முதல் புடவையை அறுத்தேன். நல்லா வந்துருந்துது. கையில வச்சிப் பாத்தப்போ அந்த முன்சீப் அம்மா ஞாபகம் வந்துச்சு. பொறந்த வீட்ட விட்டு எங்கியோ வந்து தனியா இருக்கற பொண்ணு. நீயும் அங்க தனியாத்தான் இருக்கற, அந்த ஊர்ல ஒரு தறிக்காரன் இருந்தா உனக்கு ஒரு புடவை குடுப்பான் இல்லியான்னு தோணுச்சு. அவ்ளோதான் தோணுச்சு. கேஸ் ஞாபகமே இல்லன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. இருந்துது, ஆனா அதுக்காகக் குடுக்கல.

அந்த அம்மா வீட்ல வேலை செய்யற சின்னபொண்ணுங்கற பொம்பள கிட்ட குடுத்துட்டு, எம் பொண்ணும் விளாத்திகுளத்துல முன்சீப்புதான், இது எங்க வழக்கம்னு சொல்லச் சொன்னேன். நீ சொல்லாதேன்னு எழுதின லெட்டர் அதுக்கு அடுத்த நாள்தான் வந்துது. படிச்சதும் தப்பு பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது. ஆனா குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா?

அடுத்த வாய்தாவுல அந்தப் பார்சல் மேஜை மேல இருந்துது. முன்சீப் அம்மா இன்னமோ கேட்டாங்க. எனக்குக் காதுல விழல. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. புடவை புடிச்சிருக்குதுன்னு சொல்றாங்க போலன்னு நினைச்சு எழுந்து நின்னு கும்பிட்டேன். சிரிச்சேன் வேற. லோகநாதன் தலையைக் குனிஞ்சுகினாரு. வாத்தியாரு கூட குனிஞ்சுகினாரு. அப்புறம் புடவையை லோகநாதன் கையில குடுத்து, எல்லாத்தையும் எழுதி, இந்த வழக்கை இனிமே நான் பாக்க மாட்டேன்னு மாவட்டக் கோர்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுல உன் பேரும் போயிருக்குது.

நான் மெட்ராஸ் போய் ஹைகோர்ட்ல நிக்கறேன்மா. எம்மேலதான் தப்பு, எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எந்த ஜட்ஜ் முன்னாடி வேணாலும் சொல்றேன். எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்னு மட்டும் எழுது.

அப்பா


விளாத்திகுளம்
23.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இது சும்மா எழுதறது இல்ல, நிஜமாவே இருக்கேன். இங்க மிளகாய் காயப் போடற காலம், கோர்ட்ல எல்லாரும் தும்மிக்கினு இருக்கோம்.

நீங்க எந்தக் கோர்ட்டுக்கும் போக வேணாம். போகவும் முடியாது. இது வழக்கு இல்லப்பா. எங்களை மாதிரி கீழ்க் கோர்ட் ஆளுங்களை வேலைக்கு வைக்கறது, நிறுத்தறது, கேள்வி கேக்கறது எல்லாம் ஹைகோர்ட் கையில. அவங்க காகிதத்துல கேப்பாங்க, நான் காகிதத்துல பதில் சொல்லணும். தூத்துக்குடி மாவட்ட ஜட்ஜ் மூலமா அனுப்பிட்டேன். அதுல நீங்க வந்து நிக்கறதுக்குக் கூண்டு கிடையாது. மெட்ராஸ் போனீங்கன்னா கேட்ல செக்யூரிட்டி கிட்டதான் பேசிட்டு வருவீங்க.

எனக்குக் கோவம் வந்துச்சு. ரொம்ப வந்துச்சு. இத்தனை நாள் உங்களுக்கு எழுதாம இருந்தது வேலையால இல்ல. எழுத உக்காந்தா கோவத்துல என்ன எழுதுவேன்னு பயமா இருந்துச்சு. மெமோ வந்த அன்னிக்கு இந்த நாற்காலியில உக்காந்து ஒரு பாகப்பிரிவினை கேஸ்ல சாட்சி விசாரிச்சேன். அவங்க சொன்னது எதுவும் மண்டையில ஏறல.

கூட வேலை பாக்கற ஒருத்தர் விளக்கம் எழுத உதவி செஞ்சார். உங்க அப்பா படிக்காத பெரியவர், காதும் கேக்காது, அறியாமையில செஞ்சுட்டார்னு எழுதுங்க, அதோட முடிஞ்சிரும்னு சொன்னார். நான் அப்படி எழுதல. என் தந்தை செய்தது தவறு, அதை நான் எந்த வகையிலும் சரின்னு சொல்லல, அது எங்கள் குடும்ப வழக்கம், என் பேரைப் பயன்படுத்தக் கூடாதுன்னு முன்னாடியே எழுதியிருந்தேன்னு எழுதினேன். உங்களை ஒண்ணும் தெரியாதவர்னு எழுதி வேலையைக் காப்பாத்திக்க எனக்கு மனசு வரல. தப்புன்னு எழுதறது மரியாதைன்னு தோணுச்சு. இதைப் படிச்சு உங்களுக்கு வருத்தமா இருந்தா இருக்கட்டும்.

என்ன ஆகும்னு தெரியாது. ஒண்ணு முடிச்சு விடுவாங்க, இல்ல தகுதிகாண் பருவத்தை நீட்டிப்பாங்க, இல்ல அனுப்பிடுவாங்க. அதுவரைக்கும் யாருக்கும் எதையும் குடுக்காதீங்க. யார்கிட்டயும் போகாதீங்க.

அந்த முன்சீப் அம்மா சரியாத்தான் செஞ்சாங்க. நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்.

இளமதி


சேவூர்
14.4.2025

அன்பு மாணவி இளமதிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் சாராவும் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். நீதிபதியை 'நீங்கள்' என்று எழுதுவதா, 'நீ' என்று எழுதுவதா என்று யோசித்தேன். உன் இங்கிலீஷ் நோட்டில் நான் போட்ட சிவப்புக் கோடுகளை நினைத்துக்கொண்டு 'நீ' என்றே எழுதுகிறேன்.

உன் தந்தையின் மேல் நான் போட்ட வழக்கு செய்யாற்றில் நடக்கிறது. அதைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். நடந்தது ஒன்றை மட்டும் நீ அறிய வேண்டும்.

சென்ற மாதம் உன் தந்தை என் வீட்டுக்கு வந்தார். வழக்கு போட்ட நாளிலிருந்து என் வாசலை மிதிக்காதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. யாரிடமும் போகக் கூடாது என்று நீ எழுதியிருந்தாயாம். அதை மீறித்தான் வந்திருக்கிறேன் என்றார்.

"வாத்தியாரே, என் பக்கத்து ஆளுங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க எனக்கு எதிராளி. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. அந்தப் புடவை லஞ்சமா, இல்லியா? உங்களுக்கு எது நிஜம்னு படுதோ அதை எழுதிக் குடுங்க. லஞ்சம்னு பட்டா லஞ்சம்னே எழுதுங்க."

நான் பேப்பரில் எழுதிக் காட்டித்தான் அவருடன் பேச முடிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதிக் காட்டினேன். அவர் போன பிறகு சாரா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் சாரா எங்கள் மகள் நான்சியைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தாயும் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. ஏழாம் மாதத்தில் உன் தாய் கற்பகம் ஒரு முதல் புடவையோடு வந்தாள். வீட்டுப் பெண்ணுக்கு அல்லவா இது என்று சாரா கேட்டாள். பொறந்த வீட்டு ஆளுங்க பக்கத்துல இல்லாத பொண்ணுக்கும் குடுக்கலாம், அதுவும் எங்க வழக்கம்தான் என்றாள் உன் தாய். அப்போது எங்களுக்குள் எந்த வழக்கும் இல்லை, எங்களால் அவளுக்கு ஆக வேண்டிய காரியமும் இல்லை. சும்மா கொடுத்தாள்.

அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நீதிபதிக்குப் பரிசு கொடுத்தது தவறு, ஆனால் என் அறிவுக்கு எட்டியவரை அது லஞ்சம் அல்ல, இந்த வழக்கின் வாதியாகிய நானே இதைச் சொல்கிறேன் என்று முடித்தேன். என் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் காகிதம் எங்கே போய்ச் சேரும், யார் படிப்பார்கள், எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. சத்தம் சத்தம்தான். உன் தந்தையும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அவர் வந்துபோன மறுநாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்குத் தறி நின்றுவிடுகிறது. அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. முதல் ராத்திரி சத்தம் நின்றதும் சாரா பதறிப்போய், தனசேகரனுக்கு என்ன ஆயிற்றோ பாருங்கள் என்று என்னைச் சுவர் ஓரம் அனுப்பினாள். எட்டிப் பார்த்தேன். ரெண்டு தறிக்கு வேட்டியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

சாரா உனக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் ஆசிரியர்
அடைக்கலசாமி


சேவூர்
29.6.2025

அன்பு மகள் இளமதிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா இருக்கணும்னு படவேட்டு அம்மனுக்கு வேண்டிகினு இருக்கறேன். வாத்தியாரு உனக்கு லெட்டர் போட்டதா சொன்னாரு. யார்கிட்டயும் போகாதேன்னு நீ எழுதினதை நான் கேக்கல. திட்டறதுன்னா திட்டு.

கேஸ் முடிஞ்சுது. செய்யாறு லோக் அதாலத்துல உக்கார வச்சுப் பேசினாங்க. காலையில எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் தறி ஓட்டலாம், ஞாயித்துக்கிழமை காலையில அவங்க சர்ச்சுக்குப் போய் வர்ற வரைக்கும் ஓட்டக் கூடாதுன்னு எழுதினாங்க. ஞாயித்துக்கிழமைதான் அவங்க வீட்லயே இருக்க மாட்டாங்களே, அப்ப ஓட்டினா இன்னான்னு கேட்டேன். வாத்தியாரு சிரிச்சுட்டாரு, அந்த வரியை அடிச்சுட்டாங்க, அப்புறம் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வரும்போது ஒரே சீட்ல உக்காந்து வந்தோம். அவரு இன்னமோ பேசிகினே வந்தாரு, எனக்கு ஒண்ணும் கேக்கல, நான் தலையை ஆட்டிகினே வந்தேன்.

ரெண்டு தறி மூடித்தான் இருக்குது. வருமானம் கொறஞ்சுது, பரவால்ல. சடையன் வயலைப் பொண்டாட்டி கிட்ட விட்டுட்டு காலையில வரான்.

உன் விஷயம்தான் என்ன ஆச்சுன்னு தெரியல. தபால்காரன் சைக்கிளைப் பாத்தா தறியை நிறுத்திட்டு வாசலுக்கு ஓடறேன். உன்ன அனுப்பிட்டாங்கன்னா அது இந்தக் கையாலதான்னு இருக்கும். அப்பா நெய்யறவன்மா, இழை அறுந்தா முடிச்சு போட்டுருவேன். இதுக்கு எங்க முடிச்சு போடறதுன்னு தெரியல.

கோர்ட்டுக்குப் போய் வந்த அந்தப் புடவை அப்படியே பார்சல்ல இருக்குது. முதல் புடவைய விக்கவும் கூடாது. வேற யாருக்கும் குடுக்க மனசும் வரல. மத்த மூணு கூட பீரோவுல சேத்து வைக்காம தனியா வச்சிருக்கறேன்.

அப்பா


விளாத்திகுளம்
3.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க உடம்பு எப்படி இருக்கு, சர்க்கரை எவ்வளவுன்னு எழுதுங்க. வேற எதுக்கும் முன்னாடி இதைச் சொல்லிடறேன், இல்லன்னா நீங்க கடைசி வரைக்கும் அதையே தேடிக்கினு படிப்பீங்க. ஆர்டர் வந்துருச்சு. என் விளக்கத்தை ஏத்துக்கிட்டாங்க. தகுதிகாண் பருவம் முடிஞ்சது, வேலை நிலைச்சிருச்சு. இனிமே எச்சரிக்கையா இருக்கணும்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. அந்த வரி உங்களுக்கும் சேத்துதான்.

வாத்தியார் சாரோட காகிதத்தை யாராவது படிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் முடியாது. ஆனா அவர் எனக்கு எழுதின லெட்டரைப் படிச்சுட்டு சேம்பர்ல கதவைச் சாத்திக்கினு அழுதேன். யார்கிட்டயும் போகாதீங்கன்னு நான் எழுதினேன், நல்லவேளை நீங்க கேக்கல. இந்த ஒரு தடவைக்கு மட்டும் இதைச் சொல்றேன், இதையே வழக்கமா வச்சிக்காதீங்க.

அந்த முன்சீப் அம்மா இருமினதைப் பாத்து நானும் இப்படி இருமுவேனான்னு கேட்டிருந்தீங்க. அப்போ பதில் எழுதல. இருமுவேன்பா. இங்க வந்ததுல இருந்து யார் வீட்லயும் ஒரு வாய் காபி குடிச்சதில்ல. பக்கத்து வீட்ல கொழுக்கட்டை கொண்டு வந்தாங்க, வேணாம்னு கதவைச் சாத்தினேன். அவங்க மகனுக்கு என் கோர்ட்ல ஒரு கேஸ் இருந்துச்சு. சரியாத்தான் செஞ்சேன். சரியா செஞ்சுட்டு அன்னிக்குச் சாப்பிடப் பிடிக்கல.

இப்போ புடவை விஷயம். அடுத்த பாவுல வர்ற முதல் புடவையை சாராம்மாவுக்குக் குடுங்க. கேஸ் முடிஞ்சிருச்சு, தாராளமா குடுக்கலாம். பீரோவுல இருக்கற மூணையும் அப்புறம் பாத்துக்கலாம். ஆயுத பூஜைக்கு லீவு போட்டுட்டேன், வரேன். உங்ககிட்ட நிறைய பேசணும். நான் கத்தித்தான் பேசணும், எட்டு மணிக்கு மேல கத்தினா சார் எம்மேலயும் தடை வாங்கிடுவாரு, அதனால பகல்லயே பேசிடலாம்.

வந்ததும் எனக்கு அந்தக் கோர்ட்டுக்குப் போய் வந்த புடவைதான் வேணும். அதைத்தான் கட்டிக்குவேன். வாங்கலாமான்னு நடத்தை விதிப் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். பண்டிகைக்கு அப்பா கிட்ட இருந்து வாங்கலாம்னு இருக்கு. எங்கப்பா நெய்த புடவையை வாங்கிக்க நான் புத்தகத்தைப் பாக்க வேண்டியிருந்துச்சு.

உங்க பொண்ணு
இளமதி